தூண்டில் ஒளி

பகலில் வருகிறவர்கள் அங்கே அருவியைப் பார்க்கிறார்கள். இரவில் வருகிறவர்கள் குகையின் கூரையைப் பார்க்கிறார்கள். இடம் ஒன்றுதான்: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்புரூக் தேசியப் பூங்கா. கோல்டு கோஸ்ட் கடற்கரையிலிருந்து மலைப்பக்கமாகக் காரில் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் நுமின்பா பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம். அங்கே ‘கேவ் கிரீக்’ என்ற ஓடையின் மேல் இயற்கையே வளைத்துவைத்த பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரும் ‘நேச்சுரல் பிரிட்ஜ்’தான். பாலத்துக்கு அடியில் குகை, குகைக் கூரையில் ஒரு துளை, அந்தத் துளை வழியே ஓடை முழுவதும் உள்ளே கொட்டுகிறது. இருட்டிய பிறகு கூரையிலும் சுவர்களிலும் நீலமும் பச்சையும் கலந்த ஒளிப்புள்ளிகள் ஆயிரக்கணக்கில் தெரியத் தொடங்கும்.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னப் புழு. அது ஒளிர்வது இரை பிடிப்பதற்காக. அந்த ஒளி எப்படி உண்டாகிறது என்பது நல்ல கேள்வி. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இவ்வளவு மங்கலான ஒளியை வைத்துக்கொண்டு ஓர் உயிரினம் எப்படிப் பிழைக்கிறது? இருட்டு, ஈரம், அசையாத காற்று ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால்தான் பிழைக்க முடியும். அந்த மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்திருக்கிறது இந்தப் பாறை வளைவு.

எரிமலை தந்த கூரை

ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு பெரிய எரிமலை குமுறிக்கொண்டிருந்தது. நிலவியலாளர்கள் அதை ‘ட்வீட்’ எரிமலை என்கிறார்கள். அதன் நடுத்தண்டின் எச்சம் இன்றும் எல்லைக்கு அப்பால், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 1,157 மீட்டர் உயரத்தில் வொல்லும்பின் சிகரமாக நிற்கிறது. அந்த எரிமலை கக்கிய குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகி பசால்ட் பாறையானது. ஸ்பிரிங்புரூக் மேட்டுநிலம் அந்த அடுக்குகளால் ஆனதுதான். பசால்ட் கடினமானது. ஆனால் எல்லா அடுக்குகளும் ஒரே உறுதியோடு இருப்பதில்லை.

கேவ் கிரீக் ஓடை ஒரு காலத்தில் இங்கே பாறை விளிம்பைத் தாண்டி வழக்கமான அருவியாக விழுந்துகொண்டிருந்தது. விழுந்த நீர் அடிப்பக்கத்தின் பலவீனமான பாறையை அரித்து, அருவிக்குப் பின்னால் ஒரு குடைவை உண்டாக்கியது. அதே நேரத்தில் மேலே, விளிம்புக்குச் சற்று முன்னால், ஓடைப் படுகையில் இன்னொரு வேலை நடந்தது. வெள்ளத்தில் உருண்டுவந்த கற்கள் ஒரு பள்ளத்தில் சிக்கி, நீரின் சுழற்சியில் சுற்றிச் சுற்றிப் பாறையைக் கீழ்நோக்கித் துளைத்தன. கீழிருந்து மேலேறிய குடைவும் மேலிருந்து கீழிறங்கிய குழியும் ஒருநாள் சந்தித்தன. ஓடை தன் பழைய விளிம்பைக் கைவிட்டுத் துளைக்குள் இறங்கியது. அந்தப் பழைய விளிம்புதான் இன்று நாம் பார்க்கும் பாறை வளைவு.

ஒளிர்புழுக்களுக்கு இதனால் என்ன லாபம்? உள்ளே அருவி இரவும் பகலும் தெறிப்பதால் குகைக்காற்று வறள்வதில்லை. தடித்த பாறைக்கூரை வெயிலையும் காற்றையும் தடுக்கிறது. வளைவின் வாய் திறந்திருப்பதால், மடுவிலும் ஓடையிலும் வளர்ந்து இறக்கை முளைத்த சின்னஞ்சிறு பூச்சிகள் தாராளமாக உள்ளே வருகின்றன. இரை வரும், காற்றும் வெயிலும் வராது. இப்படியொரு வீடு எளிதில் அமையாது. பாலத்தைச் சுற்றி இருப்பது பழமையான மழைக்காடு. 1986-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற, இன்று ‘ஆஸ்திரேலியாவின் கோண்ட்வானா மழைக்காடுகள்’ என்று அழைக்கப்படும் காட்டுத்தொடரின் ஒரு பகுதி அது. யுகம்பே மக்களின் பூர்வீக நிலமும் இதுவே.

கண்ணை முதலில் பழக்க வேண்டும்

நிறுத்துமிடத்திலிருந்து குகைக்குப் போய்த் திரும்பும் நடைபாதை ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வட்டப்பாதை. படிகள் இருக்கின்றன, மழைக்காலத்தில் வழுக்கும். ஒளிர்புழுக்களை ஆண்டு முழுவதும் காணலாம் என்றாலும் அங்கே கோடையும் மழையும் சேர்ந்து வரும் டிசம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல பருவம்.

முதல்முறை போகிறவர்களில் பலர் குகைக்குள் நுழைந்ததும், “ஒன்றுமே தெரியவில்லையே” என்பார்கள். புழுக்கள் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கும். கண்தான் இன்னும் தயாராகவில்லை. நம் விழித்திரையில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள் உண்டு. கூம்புச் செல்கள் வெளிச்சத்தில் வேலை செய்து நிறத்தைக் காட்டுகின்றன. மங்கலில் பார்ப்பது குச்சிச் செல்களின் வேலை. பிரகாசமான விளக்கைப் பார்த்தால் குச்சிச் செல்களில் உள்ள ரொடாப்சின் என்ற நிறமி சிதைந்துவிடும். அது மீண்டும் முழுமையாகச் சேர 20 முதல் 30 நிமிடம் ஆகும். கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தாலும் அத்தனை நேரத்துக் காத்திருப்பும் பெருமளவு வீணாகிவிடும்.

பழகிய கண்ணுக்கு இங்கே ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. குச்சிச் செல்கள் மிகக் கூர்மையாக உணர்வது ஏறத்தாழ 500 நானோமீட்டர் அலைநீள ஒளியை. ஒளிர்புழுக்களின் ஒளி உச்சம் பெறுவது 485 நானோமீட்டரை ஒட்டி. இரண்டும் கிட்டத்தட்ட பொருந்திவிடுகின்றன. நம் கண் இதைவிட நன்றாகப் பார்க்கக்கூடிய மங்கல் ஒளி அதிகம் இல்லை. ஆனால் குச்சிச் செல்களுக்கு நிறம் தெரியாது. அதனால்தான் தொலைவில் உள்ள புள்ளிகள் வெளிர் சாம்பலாகவும், அருகில் உள்ளவை மட்டும் நீலப்பச்சையாகவும் தெரிகின்றன. புகைப்படங்களில் காணும் அடர்நீலம், கேமராவின் கதவை நீண்ட நேரம் திறந்துவைத்துச் சேகரித்த ஒளி. கண்ணுக்கு அது அப்படித் தெரிவதில்லை.

பூங்காவுக்கு வருகிறவர்களிடம் சொல்லப்படும் விதிகளில் ஒன்றுக்கும் இதில்தான் காரணம் இருக்கிறது. டார்ச்சைத் தரையை நோக்கி மட்டும் பிடிக்க வேண்டும், ஃபிளாஷ் கூடாது, சுவரைத் தொடக் கூடாது, கொசு விரட்டி பூசிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டச் சொல்வதும் உண்டு. குச்சிச் செல்கள் சிவப்பை மிகக் குறைவாகவே உணர்வதால் பழகிய கண் கெடாமல் இருக்கும். மற்ற விதிகள் எல்லாம் புழுவுக்காக. அவற்றின் முழு நியாயம் புரிய, அந்தப் புழுவை நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ஈயின் பிள்ளை

நம் ஊர் மின்மினி வண்டினத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் ‘ஒளிர்புழு’ என்று சொல்லப்படுவதும் வண்டுதான். ஆனால் இந்தப் பாறைக்கூரையில் இருப்பது வேறு. ஈயும் கொசுவும் அடங்கிய இருசிறகிப் பூச்சி வரிசையில், கெரோபிளாட்டிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூச்சியின் லார்வா அது. அறிவியல் பெயர் அரக்னோகாம்பா ஃபிளாவா. 1966-இல் அதற்குத் தனி இனமாகப் பெயரிடப்பட்டது. அரக்னோகாம்பா பேரினம் உலகத்தில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மட்டும்தான் இருக்கிறது. நியூசிலாந்தில் இருப்பது ஒரே ஓர் இனம், மற்றவை எல்லாம் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கத்திலும் டாஸ்மேனியாவிலும் சிதறிக் கிடக்கின்றன. ஈரக்காடுகள் சுருங்கச் சுருங்க, ஒவ்வொரு கூட்டமும் தன் தன் பள்ளத்தாக்கில் தனித்துப்போய்த் தனி இனமாக மாறியிருக்கிறது.

தாய்ப்பூச்சி ஈரப்பாறையில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். ஒரு வாரம் பத்து நாளில் அவை பொரிந்துவிடும். வெளிவரும் லார்வா சில மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும், ஆனால் அப்போதே ஒளிரும். அதன் வாழ்நாளில் மிகப் பெரிய பகுதி இந்த லார்வாப் பருவமே. இரை கிடைப்பதைப் பொறுத்துப் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுகூட நீளும். பிறகு கூட்டுப்புழுவாக ஒரு வாரம் இருந்து இறக்கை முளைத்து வெளிவரும். வளர்ந்த பூச்சி சாப்பிடுவதே இல்லை. பெண் பூச்சி இரண்டொரு நாளும் ஆண் ஏறத்தாழ ஆறு நாளும் உயிரோடு இருக்கும். அதற்குள் இணைந்து முட்டையிட்டாக வேண்டும். பறப்பதற்கும் இணைவதற்கும் முட்டையிடுவதற்கும் தேவையான சக்தி முழுவதையும் லார்வாவாக இருக்கும்போதே தின்று சேர்த்துவைத்திருக்க வேண்டும். அந்தச் சின்னப் புழு இரவெல்லாம் ஒளிர்ந்துகொண்டிருப்பதன் காரணம் இதுதான்.

இரை பிடிக்க அது கட்டும் வலை, ஓடைக்கரையில் தூண்டில்களை வரிசையாக நட்டுவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மீனவனின் ஏற்பாட்டைப் போன்றது. பாறையின் அடிப்பரப்பில், கிடைமட்டமாகப் பட்டிழையும் பசையும் கலந்த ஒரு மெல்லிய குழாயை அது முதலில் அமைக்கும். அதுதான் வீடு. உள்ளே முன்னும் பின்னும் வழுக்கி நகரும். தேவைப்பட்டால் குழாய்க்குள்ளேயே உடலை மடித்துத் திசை திரும்பும். குழாயிலிருந்து தலையை வெளியே நீட்டி, வாயிலிருந்து ஒரு பசைத்துளியைச் சுரந்து, பட்டிழையில் தொங்கவிடும். கொஞ்சம் இழை, அடுத்த துளி, மறுபடி கொஞ்சம் இழை. இப்படியே இழை கீழே இறங்கிக்கொண்டே போகும். முடிந்ததும் பார்த்தால், நூலில் கோத்த கண்ணாடிமணிகள்போல் சம இடைவெளியில் துளிகள் நிற்கும். ஒரு புழு இப்படிப் பல இழைகளைத் தொங்கவிடும். காற்று வீசும் இடத்தில் இழைகள் குட்டையாகவும், காற்றே இல்லாத குகைக்குள் நீளமாகவும் இருக்கும். நீளமான இழைகள் காற்றில் ஆடினால் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கிவிடும் அல்லவா?

ஒளியை நாடி வரும் சிறுபூச்சி இழையில் மோதி ஒட்டிக்கொண்டு துடிக்கும். அந்த அதிர்வு இழை வழியாகப் புழுவுக்குத் தெரிந்துவிடும். அது உடனே நகர்ந்து வந்து, குழாயிலிருந்து பாதி உடலை வெளியே தொங்கவிட்டு, இழையை வாயால் கவ்விச் சுருக்கி மேலே இழுக்கும். இரையோடு இழையும் வயிற்றுக்குள் போய்விடும். ஒளிதான் பூச்சிகளை இழுக்கிறது என்பதை ஆய்வாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஒளிரும் புழுக்களின் அருகே வைத்த ஒட்டுப்பொறிகளில், ஒளி இல்லாத இடத்துப் பொறிகளைவிட அதிகப் பூச்சிகள் மாட்டின.

கழிவு உறுப்பில் பிறந்த விளக்கு

விளக்கு இருப்பது புழுவின் வால் நுனியில். அது முளைத்த இடம் வியப்பானது. பூச்சிகளுக்குச் சிறுநீரகம் கிடையாது. அதன் வேலையைச் செய்பவை மால்பீஜியன் குழல்கள் என்ற மெல்லிய குழாய்கள். அரக்னோகாம்பாவில் அந்த நான்கு குழல்களின் நுனிகளும் பருத்து, ஒளி உமிழும் உறுப்பாக மாறியிருக்கின்றன. 1915-இலேயே வீலர், வில்லியம்ஸ் என்ற இரு பூச்சியியலாளர்கள் நியூசிலாந்து இனத்தை ஆராய்ந்து இதைப் பதிவுசெய்தார்கள். ஒளிரும் பகுதிக்குப் பின்னால் காற்றுக்குழாய்கள் நெருக்கமாகப் படர்ந்து வெள்ளிபோல் பளபளக்கும். அந்தப் படலம் ஒளிக்குத் தேவையான ஆக்சிஜனைத் தருகிறது, மேல்நோக்கிப் போகும் ஒளியைக் கீழே திருப்பியும் விடுகிறது.

ஒளி பிறப்பது வேதிவினையால். லூசிஃபெரின் என்ற மூலக்கூறு, லூசிஃபெரேஸ் என்ற நொதியின் முன்னிலையில் ஆக்சிஜனோடு சேரும்போது வெளிவரும் ஆற்றல் ஒளியாகிறது. இதற்கு உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யும் வேண்டும். மின்மினியிலும் இதே பொது அமைப்புதான். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூசிலாந்து இனத்தில் இதைத் துருவிப் பார்த்தபோது ஒரு விந்தை வெளிப்பட்டது. நொதி மின்மினியின் நொதிக்கு உறவு. ஆனால் அது எரிக்கும் லூசிஃபெரின் முற்றிலும் வேறு. சாந்துரெனிக் அமிலம், டைரோசின் ஆகிய இரண்டிலிருந்து அது உருவாகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. வண்டும் ஈயும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டவை. உடலில் ஏற்கனவே வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரே நொதிக் குடும்பத்தை இரண்டும் தனித்தனியாக எடுத்து, தனித்தனி எரிபொருளோடு விளக்காக்கிக்கொண்டன. பரிணாமம் புதிதாக எதையும் வாங்குவதில்லை, வீட்டில் கிடப்பதை வைத்துச் சமாளிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

விளக்கை எரியவைப்பதும் அணைப்பதும் எப்படி? குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் டேவிட் மெரிட்டும் அவருடைய குழுவினரும் அரக்னோகாம்பா ஃபிளாவாவிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். புழுவைக் கார்பன் டைஆக்சைடால் மயக்கினால் ஒளி அணைவதில்லை, கூடுகிறது. எரிவதே விளக்கின் இயல்பு. அதை அடக்கிவைப்பதுதான் மூளையின் வேலை. பகலில் நரம்புகள் விளக்கைப் பூட்டிவைக்கின்றன. இருட்டியதும் பூட்டு தளர்கிறது. புழுக்களை ஆய்வகத்தில் முழு இருட்டில் வைத்தாலும் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஒளி கூடிக் குறைகிறது. அவற்றுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று பொருள். டாஸ்மேனியாவில் சூரியனையே காணாத குகை ஆழத்தில் வாழும் இனத்தில் ஒரு கூட்டம் முழுவதுமே ஒன்றுக்கொன்று இசைந்து ஏறியிறங்குவதையும் இந்தக் குழு பதிவுசெய்திருக்கிறது. அக்கம்பக்கத்துப் புழுக்களின் ஒளியைப் பார்த்தே அவை தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கின்றன.

நமக்கு முக்கியமான இன்னொரு முடிவும் உண்டு. அதிர்வு பட்டால் ஃபிளாவா பிரகாசம் கூட்டும். வெளிச்சம் பட்டால் மங்கிவிடும். ஒரு டார்ச் ஒளி கூரையைத் துழாவினால் அங்குள்ள புழுக்கள் விடிந்துவிட்டதுபோல் விளக்கைத் தணித்துவிடுகின்றன. திரும்பப் பழைய பிரகாசத்துக்கு வர நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் வேட்டை இல்லை.

ஒழுங்கு எங்கிருந்து வந்தது

குகைக்கூரையை விண்மீன் வானத்துக்கு ஒப்பிடாதவர் குறைவு. ஆனால் கூர்ந்து பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டு நியூசிலாந்தின் வைட்டோமோ குகையில் இதைக் கவனித்து ஒரு கட்டுரையில் எழுதினார். விண்மீன்கள் சில இடங்களில் கூட்டமாகவும் சில இடங்களில் வெறுமையாகவும் இருக்கின்றன. அதனால்தான் மனிதர்கள் அவற்றில் வேட்டைக்காரனையும் தேளையும் கண்டார்கள். ஒளிர்புழுக்களோ ஏறக்குறைய சம இடைவெளியில் பரவியிருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் எட்வர்டு பர்செல், கூல்டுக்காக இரண்டு படங்களைக் கணினியில் உருவாக்கினார். ஒன்றில் புள்ளிகள் முற்றிலும் தற்செயலாக விழுந்தன. மற்றதில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் இன்னொன்று விழக் கூடாத எல்லை இருந்தது. பார்ப்பவர் கண்ணுக்குத் தற்செயல் படத்தில்தான் கோடுகளும் கொத்துகளும் ஒழுங்குபோலத் தெரிந்தன. விதியால் உருவான படம் எந்த வடிவமும் இல்லாமல் சீராகக் கிடந்தது.

புழுக்களின் அந்த எல்லைக்குக் காரணம் பசி. ஒவ்வொரு லார்வாவுக்கும் இழைகளைத் தொங்கவிட இடம் வேண்டும். மிக அருகில் இன்னொன்று வந்தால் சண்டை நடக்கும். தோற்றது விலகும் அல்லது இரையாகும். நாம் அண்ணாந்து ரசிக்கும் அந்தச் சீரான அழகு, தலைமுறை தலைமுறையாக நடந்த எல்லைத் தகராறுகளின் முடிவு.

காக்க வேண்டியது எது

இந்தத் தூண்டில்கள் எவ்வளவு நுட்பமானவை என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. பசைத்துளிகளில் ஏறத்தாழ 99 சதவீதம் நீர்தான். சிலந்தியின் பசை வறண்ட வீட்டு மூலையிலும் வேலை செய்யும். இந்தப் பசை அப்படியல்ல. டாஸ்மேனிய இனத்தின் இழைகளைச் சோதித்தபோது, காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்வரை ஒட்டும் தன்மை இருந்தது, காற்று வறண்டதும் போய்விட்டது. வறண்ட காற்று பட்டால் வலை முழுவதும் உதவாமல் போகும். புதிதாகக் கட்ட, பசித்த புழு தன் உடலிலிருந்தே நீரையும் புரதத்தையும் செலவழிக்க வேண்டும்.

வைட்டோமோவில் இது பெரிய அளவில் நடந்தே காட்டியது. 1970-களில் அந்தக் குகையின் மேல்வாயில் கதவு மாறிக் காற்றுப் புகும்படி ஆனதால், குகை புகைபோக்கியாக மாறி வெளிக்காற்றை உள்ளே இழுத்தது. குகைக்காற்றின் ஈரம் குறைந்தது, ஒளிரும் புழுக்களின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. 1979-இல் குகையைச் சில மாதங்கள் மூட வேண்டிவந்தது. காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்திய பிறகுதான் ஒளி திரும்பியது. யாரும் ஒரு புழுவைக்கூடத் தொடவில்லை. கதவு ஒன்று மாறியது, அவ்வளவே.

நேச்சுரல் பிரிட்ஜின் விதிகளை இப்போது மறுபடி படித்தால் ஒவ்வொன்றும் துல்லியமாகப் பொருந்தும். விரல் பட்டால் இழைகள் அறும். தோலில் பூசிய கொசு விரட்டி பூச்சிகளுக்கு எதிரான வேதிப்பொருள். புழுவும் அது தின்னும் இரையும் பூச்சிகள்தான். ஃபிளாஷ் வேட்டை நேரத்தைத் திருடுகிறது. அதே குகையின் கூரையில் சிறு வௌவால்களும் தங்குகின்றன, அவற்றுக்கும் வெளிச்சமும் கூச்சலும் தொல்லைதான். சாரல் விழும் கூரைக்குக் கீழே ஒருவர் விளக்கை அணைத்துவிட்டு நிற்பது அந்த வேட்டைக்களத்துக்கு அவர் கொடுக்கும் இடம்.

மரத்தை வெட்டக் கூடாது, விலங்கைக் கொல்லக் கூடாது என்ற அளவில்தான் நம் பாதுகாப்புச் சட்டங்கள் பெரும்பாலும் சிந்திக்கின்றன. அவை கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய பொருள்கள். இருட்டை எண்ண முடியாது, காற்றின் ஈரத்துக்கு வேலி போட முடியாது. ஆனாலும் ஓர் உயிரினத்தின் வாழிடம் என்பதில் அவையும் அடங்கும். ஒரு மரம்கூட வெட்டப்படாமல், ஒரு புழுகூடக் கொல்லப்படாமல், பாதையோரம் விளக்குக்கம்பங்கள் வரிசையாக நடப்பட்டால் மட்டுமே போதும், ஸ்பிரிங்புரூக்கின் ஒளிர்புழுக்கள் பட்டினி கிடக்கும். காட்டு வழியில் விளக்கு, சாலை, கட்டடம் எதுவாயினும் திட்டமிடும்போது அங்கே இரவு எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதையும் அளந்து பதிவுசெய்ய வேண்டும். அதைக் குறையாமல் வைத்திருப்பதும் வனத்துறையின் கடமையாக எழுதப்பட வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகளும் அறிவும் இன்று நம்மிடம் இருக்கின்றன.